துப்பாக்கி மறுக்கப்பட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும்?

துப்பாக்கி வாங்க வந்த ஒருவனுக்கு அதைத் தரலாகாது என்று சட்டம் தீர்மானித்துவிட்ட பிறகு, அத்தீர்மானத்தை அவன் வாழும் ஊரின் போலீஸாருக்கும், அவனால் அபாயம் நேரக்கூடியவர்களுக்கும் தெரிவிக்க வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டால், இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆயினும், பொதுமக்கள் கையில் உலகிலேயே மிக அதிகமான துப்பாக்கிகள் உள்ள அமெரிக்க ஐக்கிய நாட்டில், போலீஸாரைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு நாடு முழுவதற்கும் பொருந்தும் சட்டபூர்வமான விடை 2022-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய கால் நூற்றாண்டு காலமாக, பெரும்பாலான மாநிலங்களில், கடையில் மறுக்கப்பட்டவனுடைய செய்தி எங்கோ ஒரு மத்திய காரியாலயத்தின் ஏடுகளில் தங்கிவிட்டதேயன்றி, அவன் திரும்பிச் சென்ற வீட்டுக்கு நாலு தெரு தள்ளியிருந்த போலீஸ் நிலையத்துக்கு வந்து சேரவில்லை. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனெனில், இது எவருடைய துர்ப்புத்தியாலும் நேர்ந்ததன்று, நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்ட ஒரு சீர்திருத்தத்தின் பக்கவிளைவாக நேர்ந்தது.

1981-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 30-ஆம் தேதி, அமெரிக்கத் தலைநகரில் ஒரு ஹோட்டலின் வாசலில், ஜனாதிபதி ரொனால்ட் ரீகனைக் கொல்லும் நோக்கத்துடன் ஓர் இளைஞன் சுட்ட குண்டுகளில் ஒன்று, உடன் வந்த பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிராடியின் தலையில் பாய்ந்தது. ரீகன் பிழைத்துக்கொண்டார், பிராடியும் உயிர் தப்பினார், ஆனால் எஞ்சிய வாழ்நாளைப் பெரும்பாலும் சக்கர நாற்காலியிலேயே கழித்தார். சுட்டவன் அந்தக் கைத்துப்பாக்கியை டாலஸ் நகரத்து அடகுக் கடை ஒன்றில் வெகு சுலபமாக வாங்கியிருந்தான். பிராடியும் அவருடைய மனைவி சாராவும் ஆண்டுக்கணக்கில் அயராது வாதாடியதன் பயனாக, துப்பாக்கி வாங்குபவனுடைய பூர்வ சரித்திரத்தை விற்பனைக்கு முன்பே பரிசீலிக்க வேண்டும் என்று விதிக்கும் பிராடி சட்டத்தில் 1993 நவம்பர் 30-ஆம் தேதி ஜனாதிபதி கிளிண்டன் கையொப்பமிட்டார்.

அச்சட்டத்தின் இடைக்கால ஏற்பாட்டில் இன்று பலருக்கும் மறந்துபோன ஓர் அம்சம் இருந்தது. கணினி முறை ஒன்றை நிறுவ அவகாசம் தேவைப்பட்டதால், 1994 முதல் சில ஆண்டுகளுக்கு, தமக்கெனத் தனி ஏற்பாடு இல்லாத மாநிலங்களில் கைத்துப்பாக்கி வாங்க விரும்புபவனுடைய விவரங்களை, அவன் வசிக்கும் இடத்தின் தலைமைப் போலீஸ் அதிகாரிக்கு வியாபாரி அனுப்ப வேண்டும். ஐந்து வேலை நாட்களுக்குள் அந்த அதிகாரி விசாரித்துச் சொல்ல வேண்டும். மிகவும் மெதுவான முறைதான். குறைகளும் பல உண்டு. ஆனால், தம் எல்லைக்குள் யார் ஆயுதம் தேடுகிறான், யாருக்கு அது மறுக்கப்பட்டது என்பது அந்த ஊர் அதிகாரியின் மேஜைக்கு வந்தே தீர வேண்டியதாக இருந்தது.

இதை எதிர்த்து, மான்டனா மாநிலத்தில் அத்தகைய தலைமைப் போலீஸ் அதிகாரியாக, அதாவது ஷெரீபாக, இருந்த ஜே பிரின்ட்ஸ் வழக்குத் தொடர்ந்தார். அரிசோனாவிலிருந்து இன்னொரு ஷெரீபும் தொடர்ந்தார். மத்திய அரசு இயற்றிய திட்டத்தை நிறைவேற்றும்படி உள்ளூர் அதிகாரிகளுக்கு மத்திய அரசு கட்டளையிட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது. மாநிலங்களின் சுயாதிகாரத்தைக் காக்கும் கோட்பாட்டின் அடிப்படையில் எழுந்த அந்தத் தீர்ப்பைக் குறைகூற நான் முன்வரவில்லை. மறு ஆண்டே, 1998 நவம்பர் 30 அன்று, திட்டமிட்டபடி தேசிய உடனடிச் சரிபார்ப்பு முறை தொடங்கியது. மேற்கு வர்ஜீனியாவில் கிளார்க்ஸ்பர்க் என்னும் ஊரிலிருந்து எஃப்.பி.ஐ. அதை நடத்தி வருகிறது. நாட்கணக்கில் ஆன வேலை நிமிஷக் கணக்கில் முடியலாயிற்று. கைத்துப்பாக்கிகளோடு நீள் துப்பாக்கிகளும் அதில் அடங்கின. முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த முன்னேற்றத்தின் நடுவே உள்ளூர் அதிகாரி என்ற கண்ணி சத்தமின்றிக் கழன்று விழுந்ததை அப்போது அநேகர் கவனிக்கவில்லை.

இப்போது கடைக்குள் நடப்பதைக் கிட்ட நின்று பார்ப்போம். வாங்குபவன் முன்னால் 4473 என்ற எண் கொண்ட படிவம் ஒன்று வைக்கப்படுகிறது. பெயர், விலாசம், பிறந்த தேதி இவற்றுக்குப் பின் வரிசையாகக் கேள்விகள்: ஓராண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரா? நீதிக்குத் தப்பித் தலைமறைவாக இருப்பவரா? சட்டவிரோதமான போதைப் பொருட்களைப் பயன்படுத்துபவரா? மனநிலை காரணமாக நீதிமன்றத்தாலோ உரிய அமைப்பாலோ தகுதியற்றவர் எனத் தீர்மானிக்கப்பட்டவரா? வாழ்க்கைத் துணையை நெருங்கவோ மிரட்டவோ கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்திருக்கிறதா? குடும்ப வன்முறைக்காகத் தண்டனை பெற்றதுண்டா? ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று குறித்து, பொய் சொல்வது கடுந்தண்டனைக்குரிய குற்றம் என்பதை அறிவேன் என்ற உறுதிமொழியின் கீழ்க் கையொப்பமிட வேண்டும். பிறகு வியாபாரி தொலைபேசி மூலமோ கணினி மூலமோ எஃப்.பி.ஐ.யைத் தொடர்பு கொள்கிறார். விற்கலாம், பொறுத்திருக்கவும், விற்கலாகாது என்ற மூன்றில் ஒரு பதில் வருகிறது. ‘விற்கலாகாது’ என்று வந்தால் அதற்குரிய காரணம் வியாபாரிக்குக்கூடச் சொல்லப்படுவதில்லை. மேல்முறையீடு செய்வதற்கான வழியையும் ஒரு குறிப்பு எண்ணையும் பெற்றுக்கொண்டு, வந்தவன் வந்த காரிலேயே திரும்பிப் போகிறான்.

கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்று வந்தவனாயினும் சரி, மனைவியை அடித்து நீதிமன்றத் தடை பெற்றவனாயினும் சரி, அவன் கடை வாசலைக் கடந்த கணத்தில் அந்த விவகாரம் முடிந்துவிட்டதாகவே பெரும்பாலான ஊர்களில் கருதப்பட்டது. ஒருபுறம் வேலி தாண்ட வந்து விரட்டப்பட்ட மாடு மறுபுறமாகச் சுற்றி வந்து பயிரில் இறங்காது என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போகும் குடியானவன் எங்கும் இல்லை. அமெரிக்க மத்திய சட்டமோ அப்படித்தான் நினைத்தது. லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் வாங்கினால்தான் பூர்வ சரித்திரப் பரிசீலனை. லைசென்ஸ் இல்லாத தனிமனிதன் தன்னிடமுள்ள துப்பாக்கியை இன்னொருவனுக்கு விற்றால், மத்திய சட்டப்படி அந்தப் பரிசீலனை கட்டாயமில்லை.

டெக்ஸாஸ் மாநிலத்தில் நடந்த சம்பவம் இதற்கு ஒரு துயர சாட்சி. 2014-இல் ஒருவன் கடையில் துப்பாக்கி வாங்க முயன்று, பரிசீலனையில் தேறாமல் திரும்பினான். பின்னர் ஒரு தனிமனிதனிடமிருந்து ரைபிள் ஒன்றை விலைக்கு வாங்கினான். 2019 ஆகஸ்டு 31-ஆம் தேதி, மிட்லண்ட், ஒடெஸ்ஸா நகரங்களின் சாலைகளில் காரில் சென்றபடியே சுட்டு ஏழு பேரைக் கொன்றான். 2014-இல் சொல்லப்பட்ட மறுப்பு சரியான மறுப்பு. முறை தன் கடமையைச் செய்தது. ஆனால் அம்மறுப்பின் பலன் அந்த ஒரு கடையோடு நின்றுவிட்டது.

அதே 2019-ஆம் ஆண்டின் பிப்ரவரி மாதத்தில், இல்லினாய்ஸ் மாநிலத்து அரோரா நகரில் நடந்தது இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. லைசென்ஸ் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதற்கும் அதற்குப்பின் எவரும் எதுவும் செய்யாமலிருப்பதற்கும் இடையே எத்தனை பெரிய பள்ளம் உண்டாகக்கூடும் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. இல்லினாய்ஸில் 1968 முதல் ஒரு வழக்கம் உண்டு: துப்பாக்கி வைத்திருக்க விரும்பும் ஒவ்வொருவரும் மாநில போலீஸாரிடமிருந்து அடையாள அட்டை ஒன்றைப் பெற வேண்டும். அரோராவைச் சேர்ந்த ஒரு தொழிலாளி 2014 தொடக்கத்தில் அந்த அட்டையைப் பெற்றான். மார்ச் மாதத்தில் கைத்துப்பாக்கி ஒன்றையும் வாங்கினான். 1995-இல் மிஸிஸிப்பி மாநிலத்தில் கடுமையான தாக்குதல் குற்றத்துக்காக அவன் தண்டிக்கப்பட்டிருந்த விவரம் அப்போதைய பரிசீலனையில் அகப்படவில்லை. சில நாட்களிலேயே, ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதற்கான தனி லைசென்ஸும் கோரி, விரல் ரேகையுடன் விண்ணப்பித்தான். ரேகை பழைய குற்றத்தைக் காட்டிக்கொடுத்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, முன்பு தந்த அட்டையும் ரத்து செய்யப்பட்டது, அட்டையைத் திருப்பித் தரும்படியும் ஆயுதத்தை விட்டுவிடும்படியும் அவனுக்குக் கடிதம் போயிற்று.

கடிதம் போயிற்று, துப்பாக்கி போகவில்லை. அதை எடுத்துவர எவரும் அவன் வீட்டுக்குச் செல்லவுமில்லை. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்து, 2019 பிப்ரவரி 15-ஆம் தேதி, வேலையிலிருந்து நீக்கப்படும் செய்தியைக் கேட்பதற்காக அவன் தொழிற்சாலைக்கு அழைக்கப்பட்டபோது, அதே துப்பாக்கியைக் கையோடு கொண்டுவந்தான். உடன் வேலை செய்தவர்கள் ஐவர் மாண்டனர். விரைந்து வந்த போலீஸார் ஐவர் குண்டுக் காயமடைந்தனர். இறுதியில் அவனும் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டான். காரியாலயத்தின் கோப்பைப் பொறுத்தவரையில் 2014-இலேயே அவன் நிராயுதபாணி. ஒரு நிராகரிப்பு எழுத்தளவில் எத்தனை பூரணமாக இருந்தபோதிலும், அதை நிறைவேற்றும் கைகளுக்கு அது போய்ச் சேராவிட்டால் வெறும் காகிதமே. அந்தக் காகிதத்தை நம்பி ஐந்து குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன என்று சொல்வதுகூடப் பொருந்தாது. அப்படி ஒரு காகிதம் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. இதன்பின், 2021 ஆகஸ்டில் அதே அரோரா நகரில் வைத்து ஆளுநர் பிரிட்ஸ்கர் கையொப்பமிட்ட சட்டம், ரத்தான அட்டைகளின் விவரத்தை உள்ளூர்ப் போலீஸார் பார்த்தறியவும், ஆயுதங்களைத் திரும்பப் பெறும் பணிக்கு நிதி கிடைக்கவும் வழி செய்தது.

மறுக்கப்பட்டவனை மத்திய அதிகாரிகளே கவனிக்கலாகாதா என்று வாசகர் கேட்கலாம். அதற்கும் ஓர் இலாகா இருக்கத்தான் செய்கிறது. எஃப்.பி.ஐ. தன் மறுப்புகளை ஏ.டி.எஃப். என்று வழங்கப்படும் துப்பாக்கி, வெடிமருந்து இலாகாவுக்கு அனுப்புகிறது. அங்கே அவை சலிக்கப்பட்டு, முக்கியமானவை என்று தோன்றுபவை மட்டும் விசாரணைக்குச் செல்கின்றன. அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை ஸ்தாபனம் 2018-இல் வெளியிட்ட அறிக்கை, 2017 நிதியாண்டின் கணக்கை எடுத்துச் சொன்னது: மத்திய பரிசீலனையில் மறுக்கப்பட்டவை சுமார் 1,12,000; விசாரணைக்கு அனுப்பப்பட்டவை சுமார் 12,700; மத்திய அரசு வழக்கறிஞர்கள் வழக்குத் தொடர்ந்தவை 12.

பன்னிரண்டாயிரம் அன்று, பன்னிரண்டு. இந்த எண்ணைப் பார்த்தவுடன் பொங்கி எழுவது இயல்பே. எனினும் நியாயமாகச் சில காரணங்களையும் கூற வேண்டும். படிவத்தில் பொய் எழுதினான் என்பது மட்டும் போதாது, அறிந்தே எழுதினான் என்பதை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மோசடி வழக்கில் தண்டனை பெற்று, பிறகு ஒழுங்காக வாழ்ந்து, அந்தப் பழைய தண்டனை இன்னும் தன்னைத் தடுக்கிறது என்பதை மெய்யாகவே அறியாமல், மான் வேட்டைக்கு ரைபிள் வாங்கக் கடைக்குப் போனவனும் அந்த லட்சத்துச் சொச்சத்தில் உண்டு. வழக்கறிஞர்களின் நேரமும் அளவுள்ளதே. ஆகையால், மறுக்கப்பட்ட ஒவ்வொருவனையும் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் இவர்களில் யார் பழைய தவற்றை மறந்த வேட்டைக்காரன், யார் பிரிந்து சென்ற மனைவியைத் தேடிக்கொண்டிருப்பவன் என்பதைத் எங்கோ தொலைவிலுள்ள ஓர் அலுவலகத்தில் திரை முன் அமர்ந்திருப்பவரால் பிரித்தறிவது கடினம்; அந்த வீட்டிலிருந்து அடிக்கடி வரும் கூக்குரலுக்கு ஓடிச் சென்று பழகிய ஊர்ப் போலீஸ்காரரால் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பிரித்தறிய முடியும். அறிவிப்பின் அவசியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

சில மாநிலங்கள் இதை முன்னமே உணர்ந்திருந்தன. பென்ஸில்வேனியாவில் பரிசீலனையை மாநில போலீஸாரே தம் கையில் வைத்திருக்கிறார்கள். மறுப்புகள் விசாரணைக்குச் செல்வதோடு, ஏற்கெனவே பிடிவாரண்டு உள்ளவன் துப்பாக்கி வாங்க வந்து, கடையிலேயே கைதாகும் நிகழ்ச்சிகளையும் அவர்களுடைய அறிக்கைகள் கணக்கிட்டுச் சொல்கின்றன. பசிபிக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலம் 2017-இல் இயற்றிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. மறுக்கப்பட்ட ஒவ்வொரு விற்பனையையும் வியாபாரிகள் அம்மாநிலத்து ஷெரீப்கள், போலீஸ் தலைவர்களின் சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று விதித்ததோடு, நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு பெற்ற ஒருவர் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால், எவருக்கு எதிராக அந்த உத்தரவு பிறந்ததோ அவர் துப்பாக்கி வாங்க முயன்று மறுக்கப்பட்ட செய்தி உத்தரவு பெற்றவருக்கே தெரிவிக்கப்படும் ஏற்பாட்டையும் செய்தது.

இந்த இரண்டாவது ஏற்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடந்து செல்ல மனம் வரவில்லை. அடித்த கணவனிடமிருந்து தப்பி, வேறு விலாசத்தில், குழந்தைகளுடன் நடுங்கிக்கொண்டு வாழும் ஒரு பெண்ணுக்கு, அவன் இன்று துப்பாக்கிக் கடைக்குப் போனான் என்பதைவிட முக்கியமான செய்தி உலகில் வேறு என்ன இருக்க முடியும்? அவள் அன்றிரவு சகோதரியின் வீட்டுக்குப் போகலாம்; பள்ளி ஆசிரியரிடம் குழந்தைகளைப் பற்றிச் சொல்லி வைக்கலாம்; பூட்டை மாற்றலாம். அச்செய்தி அரசாங்கத்திடம் இருந்தும் அவளிடம் சொல்லப்படாதிருந்தது என்பதை எந்த நிர்வாக நியாயத்தாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கும் சட்டத்தைப் புதுப்பித்தபோது அதன் ஒரு பகுதியாகவே நாடு தழுவிய அறிவிப்புச் சட்டமும் பிறந்தது என்பது இங்கே பொருத்தம் கருதி நினைக்கத்தக்கது.

டெலவேர் மாநிலத்து ஜனநாயகக் கட்சி செனட்டர் கிறிஸ் கூன்ஸும், பென்ஸில்வேனியாவின் குடியரசுக் கட்சி செனட்டர் பாட் டூமியும் கட்சி பேதமின்றி ஆதரித்து நின்ற அச்சட்டத்தில் ஜனாதிபதி பைடன் 2022 மார்ச் 15 அன்று கையொப்பமிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் அது அமலுக்கு வந்தது. எஃப்.பி.ஐ. ஒருவனுக்குத் துப்பாக்கியை மறுத்தால், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள், அவன் வாங்க முயன்ற இடத்தின் போலீஸாருக்கும், அவன் வசிப்பது வேறிடமானால் அவ்விடத்துப் போலீஸாருக்கும் அறிவிக்க வேண்டும். அவன் யார், எந்தக் கடையில், எந்த நாளில், எந்த நேரத்தில் முயன்றான், எந்தச் சட்டம் அவனைத் தடுக்கிறது என்பவை அந்த அறிவிப்பில் அடங்கும்.

எதிர்வாதம் இல்லாமலில்லை, அதில் சாரமும் உண்டு. பெயர் ஒற்றுமையால், பிறந்த தேதி ஒற்றுமையால், ஒரு குற்றவாளியின் ஏடு நிரபராதி ஒருவன்மீது ஏறிவிடுவதுண்டு. மேல்முறையீட்டில் மறுப்பு நீக்கப்படுவதும் உண்டு. அத்தகையவனுடைய வீட்டுக் கதவைப் போலீஸார் தட்டினால், அண்டை அயலார் முன் அவன் அடையும் அவமானத்துக்கு யார் ஈடு செய்வது? சட்டம் இதைச் சிந்தித்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும்: மறுப்பு பின்னால் தவறென்று தெரிந்தால், முதலில் அறிவிப்பைப் பெற்ற அதே போலீஸாருக்குத் திருத்தத்தையும் அனுப்பியாக வேண்டும். இதற்குமேல் பாதுகாப்பு வேண்டுமென்றால், குற்ற ஏடுகளைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் வழி; அறிவிப்பை நிறுத்துவதன்று.

நம் நாட்டு வாசகருக்கு இவையெல்லாம் சற்று விசித்திரமாகத் தோன்றலாம். நமது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ், லைசென்ஸ் கோரும் விண்ணப்பம் வந்ததும், அருகிலுள்ள போலீஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரியிடமிருந்து அறிக்கை பெறுவதே லைசென்ஸ் அதிகாரியின் முதற்பணி. மறுத்தால் அதற்குரிய காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். போலீஸார் ஆரம்பத்திலேயே விஷயத்துக்குள் வந்துவிடுவதால், முடிவில் அவர்களுக்குத் தனியே அறிவிக்கும் பிரச்சினை இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. துப்பாக்கி வைத்திருப்பதை அரசியல் சாசனம் தரும் உரிமையாகக் கருதும் அமெரிக்காவில், முதலில் போலீஸாரைக் கேட்டுவிட்டு வா என்று சொல்வது எளிதன்று. ஆயினும், அந்நாட்டு உச்ச நீதிமன்றமே, குடும்ப வன்முறை காரணமாக நீதிமன்றத் தடைக்குட்பட்டவரிடமிருந்து ஆயுதத்தை விலக்கி வைப்பது சாசனத்துக்கு முரணன்று என்று 2024 ஜூன் மாதத்தில் எட்டு நீதிபதிகளுக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. உரிமை பெரிதாயினும், யாருக்கு அது இல்லை என்று தீர்மானமாகிவிட்டதோ அவனைப் பற்றிய செய்தியை மறைத்து வைப்பதற்கு அந்த உரிமை காரணமாகாது.

இன்னும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. 2022-ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசை அறிவிக்கும்படி கட்டாயப்படுத்துகிறது; அறிவிப்பைப் பெற்ற ஷெரீப் அதன்மேல் நடவடிக்கை எடுத்தே தீர வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. 1997-ஆம் ஆண்டுத் தீர்ப்பு நிலைத்திருக்கும்வரை கட்டளையிடவும் முடியாது. வந்த அறிவிப்பைப் படித்து, வீட்டுக்குச் சென்று விசாரிக்கும் ஊரும் இருக்கலாம். ஏனைய காகிதங்களோடு அதையும் அடுக்கி வைக்கும் ஊரும் இருக்கலாம். அமெரிக்காவின் பெரும்பாலான கவுண்டிகளில் ஷெரீப் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. தம் ஊருக்கு எத்தனை மறுப்பு அறிவிப்புகள் வந்தன, அவற்றில் எத்தனையை விசாரித்தீர்கள் என்று தேர்தலின்போது அவரைக் கேட்க வேண்டியவர்கள் அந்த வாக்காளர்களே.